மரத்தோணியில் உங்கள் பக்கம்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுத பிறகு.

அன்பு மகள் அம்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் நம் நிஹ்லாக் குட்டிக்கும் உடம்பில் சுகமும் மனதில் அமைதியும் கிடைக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு உன் மாமி எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். மாமாவுக்கு மட்டும் முழங்கால் வலி. நாள் முழுக்கக் கடையில் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தால் எந்த முழங்கால்தான் சும்மா இருக்கும்?

கடிதத்தைக் கண்டதும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டிருக்கலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் எனக்குப் பகிடிதான் வருகிறது. போன கிழமை உன்னோடு அவ்வளவு நேரம் கதைத்தேனே, மேல்வீட்டுக்காரியின் பூனையைத் தவிர வேறு எதையாவது கதைத்தேனா? சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். பேனையைப் பிடித்தால் பகிடி கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும். பொறுமையாகப் படி. பக்கத்து ஃபிளாட் ஷாமிலா வெள்ளிக்கிழமை டோஹாவுக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். கூடவே ஒரு போத்தல் மாசிச் சம்பலும் வருகிறது. போத்தல் கழுத்து வரைக்கும் நிரப்பியிருக்கிறேன். குறைந்திருந்தால் வழியில் ஷாமிலா ருசி பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம்.

உன் நானா உனக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றி மாமாவுக்குப் போன் எடுத்தது உனக்குத் தெரியும். பேருவளை ஆள், முர்ஷித் என்று பெயர், டோஹாவில் ஃபார்மசியில் வேலை, மனைவி மௌத்தாகிப் பல வருஷம், பிள்ளைகள் இல்லை, நிஹ்லாவும் கட்டாயம் கூட வரவேண்டும் என்று அவராகவே கேட்டாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், ஷிஹான்ட உம்மாவும் வாப்பாவும் ஓம் எண்டு செல்லாட்டி இந்தப் பேச்சே வேணாம் எண்டு தங்கச்சி ஒரே பிடியா நிக்கிறா மாமா, என்றார். அதற்கு மாமா கொடுத்த பதிலும் உன் காதுக்கு வந்திருக்கும். எங்கட மகன்ட புள்ள இன்னொருத்தன்ட ஊட்ல வளரத் தேவல்ல, ரெண்டு பேரும் இஞ்ச வந்து ஈக்கட்டும், என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சோறு கேட்பார், தேத்தண்ணீர் கேட்பார், அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை ளுஹர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல், வெளிக்கிடுங்க, அந்த ஜப்பான் கடைக்குப் பெய்ட்டு வருவோம், என்றார். உன் மதினி ஹிபா என்னைப் பார்த்தாள், நான் ஹிபாவைப் பார்த்தேன். ஷிஹானைக் கொண்டுபோன அந்த டெங்குக் காய்ச்சல் வருவதற்குக் கொஞ்சம் முந்தி எல்லோரும் போனதுதான். அதற்குப் பிறகு கொள்ளுப்பிட்டியில் அந்த ரோட்டாலேயே நாங்கள் போவதில்லை. ஓட்டோக்காரன் அந்தப் பக்கம் திருப்பினால், மாமா வேறு வழி சொல்லுவார்.

உனக்கு ஞாபகம் இருக்குமே. வேலை செய்த கார் சேலில் ஒரு வாகனம் விற்றால் போதும், ஷிஹான் கையை உரசிக்கொண்டு வருவான். ஜப்பான்காரன்ட காரில வந்த சல்லி ஜப்பான்காரன்ட கடைக்கே போகட்டும் உம்மா, என்பான். முதலாளியோடு ஒரு தடவை ஜப்பானுக்கு வாகன ஏலத்துக்குப் போய் வந்தானே, அங்கே பிடித்துக்கொண்ட ருசி அது. மாமா முணுமுணுத்துக்கொண்டே சட்டை மாற்றுவார். வெள்ளவத்த மார்க்கட்ல மீனும் ஈக்கி, நம்மட ஊட்ல அடுப்பும் ஈக்கி, என்னத்துக்கு அங்க பெய்ட்டுப் பச்சயாத் திங்கிற, என்பார். ஷிஹான் குசினி வரைக்கும் போய், எதில் என்ன ஊற்றுகிறார்கள், எது நமக்கு ஆகும், எது ஆகாது என்று விசாரித்து வந்தாலும் மாமாவுக்குப் பத்தாது. பரிமாற வருகிறவர்களிடம் ஹலால்தானே, ஹலால்தானே என்று தானும் கேட்பார். கடைசியில் அந்த மாவில் தோய்த்துப் பொரித்த இறாலை மட்டும் எடுப்பார். இது காலிமுகத்திடல் இறால் வடைதான், கொஞ்சம் நீட்டி வச்சீக்கிறான், என்பார்.

நீ புதுப்பெண்ணாய் வந்த மாதம் முதன்முதலாக உன்னைக் கூட்டிப் போனோம். வஸாபி என்று அவர்கள் வைக்கிற அந்தப் பச்சை உருண்டையைக் காட்டி, புதினா சம்பல் மகள், நல்லாத் தொட்டுக்கொள், என்று நான் சொன்னேன். ஐயோ அம்னா! கண்ணால் தண்ணீர் ஓட ஓட, நல்லா ஈக்கி மாமி, என்று சொல்லி முழுவதையும் விழுங்கினாயே! ஷிஹான் எழும்பி வந்து உன் முதுகைத் தட்டிக்கொண்டே, உம்மா, வந்து ஒரு மாசந்தான் ஆவுது, அதுக்குள்ள கொல்லப் பாக்கிறீங்களா, என்று சத்தம் போட்டான். அன்றைக்குத்தான், இந்தப் பிள்ளை என் வீட்டில் நிலைக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த மரத்தோணி முதன்முதலில் மேசைக்கு வந்த நாளையும் நான் மறக்கவில்லை. தோணி நிறையச் சோற்று உருண்டைகளும் மீன் துண்டுகளும் அடுக்கி, ஆளுக்கு ஒரு சின்னத் தட்டும் குச்சியும் வைத்தார்கள். மாமா எழும்பிப் போய்க் கை கழுவி, சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து, சஹன் வந்துட்டு, பிஸ்மி செல்லுங்க, என்று கையை வைத்துவிட்டார். தட்டையும் குச்சியையும் திருப்பி அனுப்பியாயிற்று. கல்யாண வீட்டில் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்து ஆளுக்காள் தன் முன்னால் இருப்பதை மட்டும் சாப்பிடுகிற மாதிரி, நாங்கள் மூன்று பேர் இந்தப் பக்கமும், நீங்கள் மூன்று பேர் அந்தப் பக்கமுமாகத் தோணியைக் காலி பண்ணினோம். அடுத்தவர் பக்கம் கை போனால் மாமா முறைப்பார். நிஹ்லாவுக்கு அப்போது பல்லே முழுதாக இல்லை, அவளுக்கும் ஒரு பக்கம் இருந்தது. அவளுடையதையும் சேர்த்து ஷிஹான் விழுங்குவான்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அதே மேசை கிடைத்தது. மாமா போய் வழக்கமான இடத்தில் இருந்தார். நானும் ஹிபாவும் எங்கள் வழக்கமான இடத்தில் இருந்தோம். இருந்த பிறகுதான் கவனித்தேன், மூன்று பேரும் பஸ் ஸீட்டில் இருப்பது மாதிரி ஒரே வரிசையில், எதிரில் வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். யாராவது ஒருவர் எழும்பி அந்தப் பக்கம் போயிருக்கலாம். யாரும் போகவில்லை. டிக்கட் எடுத்தாச்சா என்று நான் ஒரு பகிடி விட்டுப் பார்த்தேன். ஹிபா என் கையைக் கிள்ளினாள்.

பரிமாற வந்த சிங்களப் பிள்ளை புதுசு. எதிர்க் கதிரைகளைக் காட்டி, இன்னும் ஆட்கள் வருகிறார்களா என்று கேட்டாள். மாமா நிமிர்ந்து பார்க்காமல், எனவா நங்கி, எனவா, என்றார். வருகிறார்கள் தங்கச்சி, வருகிறார்கள். அவள் அந்தப் பக்கத்திலும் மூன்று தட்டு வைத்துவிட்டுப் போனாள். மாமா பெரிய தோணியே கேட்டிருந்தார்.

தோணி வந்தது. பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டோம். மூன்று பேரும் எங்கள் பக்கத்தை முடித்தோம். மாமா எதிர்ப்பக்கத்து இறாலைக்கூடத் தொடவில்லை, உனக்குத் தெரியும் அவருக்கு அது எவ்வளவு ஆசை என்று. தோணியில் பாதி வெறும் பலகை, பாதி வந்தபடியே அடுக்குக் குலையாமல். ஹிபா பொறுக்க முடியாமல், வாப்பா, அந்தப் பக்கமும் எடுங்களேன், வீணாப் போவுது, என்றாள். முன்னால ஈக்கிறதத்தானே மகள் திங்கணும், என்று சொல்லிவிட்டு மாமா தண்ணீரைக் குடித்தார். நான், ஊரில் உள்ள பகிடி எல்லாம் வைத்திருக்கிறவள், எனக்கு அந்த நேரம் ஒன்றும் வரவில்லை மகள். மேலே சுற்றுகிற ஏசிக் காற்றில் மீன் துண்டுகளின் பளபளப்பு மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. சோற்று ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. அந்தப் பிள்ளை வந்து, கட்டித் தரட்டுமா என்று கேட்டாள். மாமா தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம் என்று.

அவள் போன பிறகு ஒரு வேலை செய்தார். இரண்டு கையாலும் அந்தத் தோணியைப் பிடித்து, பள்ளியில் குர்ஆனைத் தூக்கி வைக்கிற பக்குவத்தில், மெதுவாக அப்படியே திருப்பினார். உங்கள் பக்கம் எங்கள் முன்னால் வந்தது. முதல் துண்டைத் தான் எடுத்தார். இறால் இல்லை அம்னா, பச்சை மீன். ஷிஹான் எத்தனை தரம் கெஞ்சியிருப்பான், ஒரே ஒரு துண்டு வாப்பா, எனக்காக, என்று. அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்ட மனிசன், அன்றைக்கு வாயில் போட்டு, முகம் கோணக் கோண மென்று விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். எடுக்காம வச்சா காஞ்சுதான் போகும் லுத்பியா, என்றார். எனக்கு என் பெயரே மறந்திருந்தது, அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவ்வளவு காலம். பிறகு கையைக் கழுவப் போகும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு, அம்னாட நானாவுக்கு ஓம் எண்டு செல்லணும், என்றார். கழுவப் போனவர் வர நெடுநேரம் ஆயிற்று. நானும் ஹிபாவும் மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தோம். ஒரு சோறு விடவில்லை.

அப்படியானால் மாமாவே போன் எடுத்திருக்கலாமே என்று கேட்பாய். எடுத்தார். உன் நானா ஹலோ என்றதும், அங்க மழ எப்பிடி, என்று கேட்டார். டோஹாவில் ஏது மழை? மழை இல்லை மாமா என்று அவர் சொல்ல, இஞ்சயும் இல்ல, என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த நேரம் வெள்ளவத்தையில் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் தரம் எடுக்கச் சொன்னேன். சார்ஜ் இல்லை என்றார். அதனால்தான் இந்த வேலை என் தலையில் வந்தது.

ஆகவே, நான் எழுத்தில் எழுதுகிறேன், நீ உன் நானாவிடம் காட்டு. எங்கள் இரண்டு பேருக்கும் முழுச் சம்மதம். எந்த நிபந்தனையும் இல்லை. ஷிஹானுக்காக நீ இத்தா இருந்து முடிந்து எவ்வளவோ காலம் ஆயிற்று, மார்க்கத்தில் தடையில்லை, ஊர்வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வாய்க்கு முன்னால் எந்த ஊர்வாய் நிற்கும்? ஹிபா முர்ஷிதுடைய படத்தைக் காட்டினாள். நெற்றி கொஞ்சம் பின்வாங்கித்தான் போயிருக்கிறது, பரவாயில்லை, தொழும்போது தரையில் நன்றாகப் படும். சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கு அந்தப் பச்சை உருண்டையை நீ கொடுத்துவிடாதே, அதற்கு நான் இருக்கிறேன்.

உன் அறை அப்படியே இருக்கிறது. லீவுக்கு வந்தால் மூன்று பேரும் நேரே இங்கேதான் வரவேண்டும், பிறகுதான் பேருவளை. கட்டில் சின்னது, அவர் கீழே பாய் போட்டுப் படுக்கட்டும், நான் சொன்னேன் என்று சொல்.

இன்னொன்றும் இருக்கிறது மகள். இதை எழுதத்தான் இவ்வளவையும் எழுதினேன். அவரை அங்கிள் என்று கூப்பிடச் சொல்லி நீ நிஹ்லாவைப் பழக்குவதாக உன் நானா சொன்னார். அவள் தானாக வேறு மாதிரிக் கூப்பிட்டதற்கு நீ அதட்டினாயாம், பிள்ளை அழுததாம். ஏன் அதட்டினாய் என்று எனக்குத் தெரியும். எங்களை நினைத்துத்தான். அல்லாஹ் உனக்கு அதற்குக் கூலி தருவான். ஆனால் இனி அதட்டாதே. தன் வாப்பாவின் முகம் ஞாபகத்தில் இல்லாத பிள்ளை அவள், அந்தச் சொல்லை யாரிடம் சொல்லிப் பார்ப்பாள்? வாய்க்கு வந்தபடி கூப்பிடட்டும். போனில் நான் கேட்டுக்கொண்டிருந்தாலும் கூப்பிடட்டும். மாமா பக்கத்தில் இருந்தாலும் கூப்பிடட்டும். அவருடைய முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அல்லாஹ் உன் புது வாழ்க்கையில் பரக்கத் செய்வானாக. நீ சிரித்த முகமாய் இருக்க வேண்டும். உன் உம்மாவுக்கும் நானாவுக்கும் எங்கள் ஸலாம். நிஹ்லாவின் இரண்டு கன்னத்திலும் எனக்காக முத்தம்.

நிஹ்லாவின் வாப்பாவுக்கும் என் ஸலாம் சொல்லிவிடு.

என்றைக்கும் உன் மாமி,
லுத்பியா மஷூர்