இரண்டாம் முறை கேட்டால்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஒரு குழந்தைக்கு ஒன்று தெரியும் என்பது நமக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கல்வி உளவியல் படிக்கிறவள் நீ, தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுது, பாடப்புத்தகச் சொற்களைப் போட்டு மூடிவிடாதே. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படி இருக்கிறாய் என்று உன் அடுத்த கடிதம் சொன்னால் போதும். குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, எந்த மடையன் இப்படி மாட்டிவைத்தான் என்று திட்டினார். போன தடவை மாட்டியதும் அவர்தான், அவருக்கு நினைவில்லை, நானும் சொல்லவில்லை. உன் சித்தி இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போனாள், அலமாரியை எல்லாம் ஒழுங்குபடுத்திக் கொடுத்தாள், இப்போது எனக்கு ஒரு பொருளும் கிடைப்பதில்லை.

நீ போனில் கேட்டபோதெல்லாம் உன் தங்கை சில்வண்டு நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன், காரணம் இருந்தது. அவள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஏற்றுமுன் ஒவ்வொரு குழந்தையையும் ஆலோசகர் ஒருவர் தனியாக உட்காரவைத்துப் பார்க்கிறார். உன் வயதுப் பெண், குறை சொல்ல முடியாதபடி பொறுமைசாலி. இரண்டு வரிசை பொத்தான் வைத்து, இரண்டும் சமமா என்று கேட்டால் சமம் என்றாளாம். ஒரு வரிசையைக் கொஞ்சம் இழுத்து நீளமாக்கிவிட்டு மறுபடி கேட்டால் சமமில்லை என்றாளாம். அந்த வயதில் அது வழக்கம்தான், கண்ணுக்கு நீளமாகத் தெரிவது கூடுதல் என்றுதான் படும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். ஆனால் எதையும் தொடாமல் மறுபடி கேட்டாலும் பதில் மாறியதாம். பொத்தான் என்ன நிறம் என்றால் சிவப்பாம், இன்னொரு தடவை சொல்லு என்றால் நீலமாம். நிறமே மனதில் நிற்காத குழந்தையை எப்படி மேலே அனுப்புவது, இன்னும் ஒரு வருடம் மழலை வகுப்பிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். வகுப்பு ஆசிரியை ஆறுதலாக, ஒரு வருஷந்தானே அம்மா, வயசா ஓடிப்போகுது என்றார். மாடிவீட்டு அம்மாளோ படியில் நிறுத்தி, பிந்திப் பிறந்த பிள்ளை கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும், நீங்க மனசைத் தளர விடாதீங்க என்று தளரவிட்டுப் போனார். உனக்குப் பிறகு இத்தனை காலம் கழித்து அவளைப் பெற்றபோது ஊரே சொன்னதுதான் அது, அப்போது காதில் வாங்காத எனக்கு இப்போது சோறு இறங்கவில்லை. குழந்தைக்கோ வேறு துக்கம். அவளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் தபால்காரர் மகள் மேலே போகிறாள், இரண்டு பேரும் எந்த பெஞ்சில் உட்காருவது என்றுகூட முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை காலையில்தான் எனக்குப் பொறி தட்டியது. அப்பா மருந்துக்கடைச் சாவியைத் தேடிக்கொண்டே அவளிடம் பல் தேச்சியா என்றார். தேச்சேன் என்றாள். அவர் கவனம் சாவியில், மறுபடியும் பல் தேச்சியா என்றார். தேய்க்கலை என்று சொல்லிவிட்டுப் போய் இன்னொரு தடவை தேய்க்க ஆரம்பித்தாள். அவள் முதலில் தேய்த்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தேய்க்காமலே தேய்த்தேன் என்று சாதித்த மகள் ஒருத்தி எனக்கு உண்டு, அது யாரென்று உனக்குத் தெரியும். தேய்த்துவிட்டுத் தேய்க்கவில்லை என்று சொல்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் ஒரே பாலை இரண்டு தடவை சோதித்து இரண்டு அளவு வந்தால் பாலைப் பழிக்க மாட்டோம், சோதித்த விதத்தைத்தான் முதலில் பார்ப்போம். அன்று முழுவதும் நானும் சோதித்தேன். இது என்ன என்றால் கரண்டி என்றாள், இது என்ன என்று மறுபடி கேட்டதும் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு ஸ்பூன் என்றாள், மூன்றாம் தடவை கேட்டபோது பாவம், முள்கரண்டி என்றாள். அக்கா எங்கே இருக்கிறாள் என்றேன், ரொம்ப தூரத்திலே என்றாள். எங்கே என்றேன் மறுபடி. கொஞ்சம் யோசித்து, உள்ளே தூங்குறா என்றாள். சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. ஏன்டி மாத்தி மாத்திச் சொல்றே என்று கேட்டேன். நீங்கதானே மறுபடி கேட்டீங்க, மறுபடி கேட்டா வேற சொல்லணும் என்று, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் சொன்னாள்.

எங்கிருந்து வந்தது இந்தச் சட்டம் என்று யோசித்தால் நம் வீட்டிலிருந்துதான். குழந்தையிடம் தப்பு என்ற சொல்லைச் சொல்லாதீர்கள், முயற்சியே நின்றுபோகும் என்று நீ படிக்கப் போன புதிதில் சொன்னாய். எனக்குப் பெரிதாக நம்பிக்கையில்லை, ஆனால் அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எழுத்தைத் தலைகீழாக எழுதினாலும், செருப்பை இடம் மாற்றிப் போட்டாலும் இந்த வீட்டில் யாரும் தப்பு என்று சொன்னதில்லை. தேன் ஒழுக, இன்னொரு தடவை சொல்லு பாப்போம் என்று மட்டும் கேட்போம். சரியாகச் சொன்னால் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. குழந்தை வேறு என்னதான் கற்றுக்கொள்ளும்? உன்னைக் குறை சொல்லவில்லை. நீ சரியானதை எடுத்துச் சொல்லுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பாய், நாங்கள் சுலபமான பாதியைப் பிடித்துக்கொண்டோம். மந்தம் என்று பயந்தேனே, எங்கள் முகத்தைப் படித்து ஒரு விதியையே கண்டுபிடித்து அதைப் பள்ளிவரைக்கும் எடுத்துப்போயிருக்கிறாள். மார்பில் இருந்த கல் இறங்கிவிட்டது, அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். எல்லாத் தாயும் தன் பிள்ளையைக் கெட்டிக்காரி என்றுதான் சொல்வாள் என்று நினைத்துவிடுவாளோ என்று, பெருமை எதுவும் கலக்காமல் நடந்ததை மட்டும் சொன்னேன். ஸ்பூன் கதையில் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் எல்லாரையும் ரெண்டு தடவை கேக்கிறேன் மேடம், மறுபடி கேக்கிறதே முதல் பதில் தப்புன்னு ஒரு சேதியா போகும்னு தெரியும், இவ கிட்ட அதை நான் யோசிக்கலை என்றாள். நாளைக் காலையில் மறுபடி பார்க்கிறாளாம். நான் அறையின் ஓரத்தில் உட்காரலாம், இருமக்கூடக் கூடாதாம். வீட்டில் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்றாள், அப்பாவை அடக்கி வைப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது.

நீ காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓடாதே. குளிருக்கு வாங்கிய கோட்டை அலமாரிக்கு மாட்டிவைக்காமல் உனக்கு மாட்டிக்கொள். எடுத்த படிப்பு நல்லபடியாக முடிந்து, மனதுக்குப் பிடித்த வேலையில் நீ நிறைவாக இருக்க வேண்டும், அம்மா கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். சித்திக்குப் போன் செய், அலமாரியைப் பற்றி மட்டும் புகழ்ந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

நேற்று உறையை ஒட்டவில்லை, இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெண் பொத்தானை எடுக்குமுன் சில்வண்டிடம், எனக்கு மறதி ஜாஸ்தி, கேட்டதையே மறுபடி கேட்டா நான் மறந்துட்டேன்னு அர்த்தம், நீ முதல்ல சொன்னதையே எனக்கு ஞாபகப்படுத்து என்றாள். அவ்வளவுதான். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. எண்ணிக்கை மாறவில்லை. கடைசியில் ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் வைத்து, ஒன்றிலிருந்ததை ஒல்லியான உயரமான கிளாஸில் ஊற்றி, எதில் அதிகம் என்று கேட்டாள். உயரமானதில் என்றாள் நம் பெண். ஆலோசகர் நிதானமாக மறுபடி கேட்டாள். சில்வண்டு அவளை இரக்கத்தோடு பார்த்து, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்தி, உ-ய-ர-மா-ன-துல மிஸ், இப்பத்தானே சொன்னேன் என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வெளியே வந்து, தண்ணி விஷயம் தானா ஒருநாள் புரியும், நீங்க சொல்லிக்கொடுக்க வேண்டாம், இது தப்பா இருந்தாலும் அவளோட சொந்தப் பதில், போன தடவை எனக்கு அது கிடைக்கவே இல்லை என்று சொல்லி, ஒன்றாம் வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தபால்காரர் மகளிடம் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. சாயங்காலம் தாகம் என்று வந்த சில்வண்டு, உயரமான கிளாஸில்தான் வேண்டும், அதில்தான் நிறைய இருக்கும் என்று அடம்பிடித்தாள். அப்பா ஏதோ கேட்க வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய் உயரமான கிளாஸை எடுத்து வந்தார்.