முதுகில் போட்ட கோடு

நெற்றிப் பொட்டை எப்போதும் கோணலாகவே வைக்கும் என் பாக்கியத்துக்கு,

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. நான் இன்னும் டயகம தேயிலைத் தோட்டத்தில் அதே லயத்து வரிசையில், அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருக்கிறேன். தேத்தண்ணி இப்போது நானே ஊற்றிக்கொள்கிறேன். நீ இருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்திருப்பாய். இன்றைக்கு உன்னிடம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

மார்பில் வந்த கட்டி முதுகெலும்பில் இறங்கி, கால் மரத்துப்போகிறது என்று நீ சொன்னதும், தோட்டத்து டிஸ்பென்சரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு தலவாக்கலையில் ரயிலேறினோமே. கொழும்பு ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கவேண்டும் என்றார்கள். "லயத்துக்கே வராத கரண்டு என் முதுகுக்கு எதுக்கு மாமா?" என்று கேட்டு அந்த நோவிலும் சிரித்தாய். அது ஷாக் அடிக்கிற கரண்ட் இல்லை, கட்டியைச் சுடுகிற கதிர் என்று எனக்கே அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை படம் பிடித்து உன் முதுகில் ஊதா மையால் கோடு போட்டார்கள். கரண்ட் எங்கே விழவேண்டும் என்பதற்கு அந்தக் கோடுதான் அடையாளம். அளவுக் கணக்கு முடியத் திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். கிளம்பும்போது நர்ஸம்மா என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "வத்துர தான்ன எப்பா" என்றார். வத்துர என்றால் தண்ணீர். கடைத்தெருவில் கேட்டுப் பழகிய சொல். எப்பா என்று நம் பாஷையில் கூப்பிட்டதில் நான் பூரித்துப்போனேன். தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, நாம் தங்கியிருந்த உன் சித்தப்பா வீட்டில், வெந்நீர் போட்டு உன் முதுகைத் தேய்த்துவிட்டேன். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை. மை லேசில் போகவில்லை. சவுக்காரம் போட்டு அழுத்தித் தேய்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "இப்படியே கெடந்துரலாம் போல இருக்கு மாமா" என்றாய்.

திங்கட்கிழமை உன்னை உள்ளே கொண்டுபோனவர்கள் என்னை வெளியே கூப்பிட்டு, கோடு எங்கே என்று திட்டினார்கள். கூட்டித் துடைக்கும் தமிழ் ஆள் ஒருவர்தான் சொன்னார், சிங்களத்தில் எப்பா என்றால் கூடாது என்று அர்த்தமாம். மறுபடி படம், மறுபடி அளவு, மறுபடி கணக்கு. வியாழக்கிழமை கரண்ட் வைத்தபோது உன் இரண்டு காலும் போய்விட்டிருந்தன. ஏன் மறுபடி கோடு போடுகிறார்கள் என்று கேட்டாய். மை சரியில்லையாம் என்று சொல்லிவிட்டேன். நோவு குறைந்தது, ஆனால் நீ அப்புறம் நடக்கவே இல்லை. தைப்பொங்கலுக்கு முன்னால் போயும்விட்டாய்.

அதற்குப் பிறகு வெறிபிடித்த மாதிரி சிங்களம் படித்தேன், பாக்கியம். தோட்டத்து நோயாளிகளோடு கொழும்புக்கு மேனேஜர் துரை இப்போது என்னைத்தான் அனுப்புகிறார். போன மாதம் கீழ் லயத்து மாரியாயியைக் கூட்டிப்போனேன். உனக்கு வந்த அதே நோவு, காலில் அதே மரப்பு. அன்றும் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வரச் சொல்லிவிடுவார்களோ என்று நான் முந்திக்கொண்டேன். காலையில் சுவரைப் பிடித்து நடந்தவளுக்கு இப்போது அதுவும் முடியவில்லை என்று டாக்டரிடம் சிங்களத்திலேயே சொன்னேன். கால் போகிறவர்களை இப்போதெல்லாம் காக்கவைப்பதில்லை என்றார் அவர். முழுக் கணக்கு பிறகு. முதலில் ஒரு படம், அந்த எலும்புக்கு மேலே மையால் ஒரு கட்டம், அன்றைக்கே கரண்ட். மூன்று மணிக்குள் முடிந்துவிட்டது. உனக்கும் இப்படி நடந்திருந்தால்?

கரண்ட் வைக்கிற மீதி நாட்களுக்கும் அந்தக் கட்டம் அழியாமல் இருக்கவேண்டும். நர்ஸ் ஒருத்தி வந்து, "வத்துர தான்ன எப்பா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீரே படக்கூடாது என்று மாரியாயியிடம் சொன்னேன்.

"குளிக்காம நாறுவேனேண்ணே."

"நாறு," என்றேன்.

நேற்று அவள் பஸ்ஸை விட்டு இறங்கி, குச்சியை ஊன்றிக்கொண்டு மேட்டில் நடந்தே வந்தாள். நம் வாசலில் நின்று தேத்தண்ணி கேட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

இனி நான் கூட்டிப்போகும் யாருடைய முதுகிலும் அந்தக் கோடு அழியாமல் பார்த்துக்கொள்வேன். இரண்டு பாஷையிலும் சொல்வேன், கேட்காவிட்டால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்.

மை நல்ல மைதான், பாக்கியம்.

உன் முதுகைத் தேய்த்துவிட்ட
உன் மாமன்