கார்டை உடைக்கச் சொல்லாதே

அன்பு மகன் க்லெப்புக்கு அப்பா சொல்ல, உன் தங்கை வார்யா எழுதுவது. யாகுத்ஸ்க் குளிர் உன்னை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொன்னால் அது பொய். என் வலது கை மாவுக்கட்டில் கிடக்கிறது, அதனால்தான் இவள் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் இவள் எழுத்து உன்னுடையதைவிட அழகு. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை, உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு வாசல் கதவையே பார்த்து நிற்கிறாள், எல்லாம் கரிந்துபோகிறது.

போனில் நீ பாதிதான் கேட்டாய், மீதியையும் கேள். காரில் மாட்ட நீ அனுப்பிய கேமராவை நீ சொன்ன இடத்தில் நான் வைக்கவில்லை. முன்கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடை, வண்டியைச் சூடாக்கு, பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பர் துடைக்கிற இடமாகப் பார்த்துப் பசை நாடாவால் ஒட்டு என்றாய். நடுவில்தான் புனித நிக்கலாய் படம் இருக்கிறதே, உன் அம்மா "சாமி மூஞ்சி மேல ஒயரைத் தொங்க விடுவியா? கை விளங்குமாய்யா உனக்கு?" என்று கத்தினாள். எங்கே வைத்தால் என்ன என்று நானும் வலது மூலையில், அதோடு வந்த உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கிண்ணத்தை அழுத்தி ஒட்டிவிட்டேன். அந்த மூலைக்கு வைப்பர் எட்டாது. சாலையில் போடுகிற உப்பும் சேறும் அப்பிக்கொண்டன, குளிரில் ரப்பரும் பிடி விட்டது. சந்தைக்குத் திரும்பும் முனையில் கேமரா கழன்று ஒயரில் தொங்கியது. இடது கையில் ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டு வலது கையால் அதை எட்டிப் பிடித்தேன். பின்சீட்டிலிருந்த வார்யா, "அப்பா, அதை விடு! ரோட்டைப் பாருப்பா!" என்று கத்தினாள். நான் கேமராவைத்தான் பார்த்தேன். சிக்னல் பக்கம் ஆட்கள் சாலையைக் கடக்கிற கோட்டில் சந்தை ஊறுகாய்க்காரி ஃபாயினா நடந்து வந்துகொண்டிருந்தாள். அவளை இடித்துவிட்டுத்தான் வண்டி கம்பத்தில் போய் மோதியது.

அவள் இன்னும் கண் திறக்கவில்லை. அவள் புருஷன் லியோன்தி நம் வாசலுக்கு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சிக்னல்ல எந்த விளக்கு எரிஞ்சுது ஆர்காதி? அதை மட்டும் சொல்லு" என்றான். எனக்குத் தெரியாது மகனே. பச்சையா சிவப்பா, தெரியவே தெரியாது.

பக்கத்து வீட்டு மகாரின் கம்ப்யூட்டரில் கேமராவின் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தோம். முதலில் சேறு அப்பிய கண்ணாடியின் சாம்பல் நிறம்தான், சாலையோ விளக்கோ தெரியவில்லை. கழன்றதும் கேமரா உள்பக்கம் திரும்பிவிட்டது, அப்புறம் என் முகம் மட்டும். மகார், "நல்லா விழுந்திருக்கே, பாஸ்போர்ட்டுக்கு வச்சுக்கோ" என்று சிரித்தான். பிறகு பதிவில் வார்யா கத்துவது கேட்டது, மகார் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். சாலையைப் பார்க்காத முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அதைக் காட்டலாம்.

"கார்டை உடைச்சு அடுப்புல போடுங்க, பச்சைன்னு சாதிங்க, வார்யா எப்படியும் வாயைத் திறக்க மாட்டா" என்று போனில் சொன்னாயே, அம்மா சொல்வதும் அதுதான். கார்டு நகத்தளவுதான், எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தும் பார்த்தேன். இனி எனக்கென்று நல்லது எதுவும் வரப்போவதில்லை, ஃபாயினா பிழைத்தாலும் அடிபட்ட கால் இனி நடக்காது என்கிறார்கள், என்னைச் சிறைக்கு அனுப்பலாம். ஆனாலும் போட முடியவில்லை. கடையில் உப்பு கேட்கக்கூடக் கூசுகிற பெண் உன் தங்கை. பிறந்ததிலிருந்து என்னிடம் குரல் உயர்த்திச் சொன்னது அந்த ஒன்றுதான், அதையும் நான் கேட்கவில்லை. இப்போது எரித்தால், நீ வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று நானே அவளிடம் சொன்ன மாதிரி ஆகும். இதை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள், கெஞ்சித்தான் எழுத வைத்தேன். நாளைக் காலை கார்டை விசாரணை அதிகாரியிடம் நானே கொடுக்கிறேன், அவளை யாரும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்காது.

கடவுள் உன்னைக் காக்கட்டும். கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே, நெஞ்சுச் சளியை அலட்சியம் செய்யாதே. ஒன்றை மறந்துவிடாதே, வார்யாவிடம் போனில் பேசும்போது பச்சை என்று சொல்லச் சொல்லாதே. அவள் பேசவில்லை என்றாலும் போனை வைக்காமல் காத்திரு, மறுமுனையில் இருப்பாள்.

இடது கையால் நானே போட்ட கையெழுத்து,
உன் அப்பா ஆர்காதி