கடுகளவு உடைப்பு

தம்பிக்கு,

நீ அனுப்பிய கல் பஞ்சுக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தது. "நீதான்க்கா மொதல்ல பாக்கணும், இன்னும் யாருக்கும் காட்டல" என்று போனில் சொன்னாயே, அந்தச் சந்தோஷத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் பெட்டியைப் பிரித்தேன்.

கண்ணாடித் தகடுகளை அடுக்கிவைத்ததுபோல் இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க ஒரு துணுக்கு எடுக்கலாம் என்று திருப்பினேன். அடியில், யார் பார்வையிலும் படாத மூலையில், ஏற்கெனவே கடுகளவு உடைத்து எடுத்திருந்தது. புத்தம் புதிய உடைப்பு. நானாக இருந்தாலும் அங்கேதான் உடைத்திருப்பேன்.

உன் மனைவி வேலை பார்க்கும் ஆய்வகத்திலும் மைக்ராஸ்கோப் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் என்னிடம், "கல்லையெல்லாம் நீங்களே பாத்துக்கங்க அண்ணி, எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது" என்றவள்தானே. சீக்கிரமாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். கையும் சுத்தமான கை.

இது நீ நினைத்த ஹியூலண்டைட் இல்லை. யுகவராலைட். ஜியோலைட் கற்களிலேயே அபூர்வமானது. என் மேஜைக்கு இதுவரை வந்ததில்லை. அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

விவரக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். நிறமற்ற தட்டைப் படிகங்கள், கண்ணாடிப் பளபளப்பு. சேதம்: அடியில் இரண்டு சிறு உடைப்புகள்.

பஞ்சிலேயே உதிர்ந்த துணுக்கு ஒன்று கிடந்தது. சோதனைக்கு அதுவே போதுமாக இருந்தது. இருந்தாலும், அவள் உடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நானும் உடைத்தேன். என்னுடையது கொஞ்சம் பெரியது.

உன் அக்கா