நான் பேசாத பேச்சு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம், அது மட்டும் படியைப் பார்த்தாலே முனகுகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். உட்கார்ந்து படி.

உன் மாமா இப்போது நம் வீட்டில்தான் டேரா, ஆபீஸ் நாடகத்துக்கு ஒத்திகையாம். ஏதோ அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சோகக் கதை, வேற்று நாட்டுக் கறுப்புத் தளபதி, அவனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட பெண், கூடவே இருந்து அவளைப் பற்றி இல்லாததைச் சொல்லி அவன் கையாலேயே அவளைக் கொல்ல வைக்கிற நண்பன். நண்பன் வேஷம் உன் மாமாவுக்கு. உனக்கு மேக்கப்பே வேண்டாம்டா என்று கிண்டல் வேறு செய்தேன், என் வாய்க்கொழுப்பு. ஊர் பேர் தெரியாத கறுப்பனுக்குப் பொண்ணைத் தாரை வார்த்துட்டியேக்கா என்று உன் கல்யாணத்தன்றே மூக்கைச் சிந்தினவன், அதையும் சிரித்தே தள்ளினவள் நான். அவனுக்குப் பலகுரல் வரும், தெரியுமே, சின்ன வயதில் என் குரலில் கூப்பிட்டு உன்னை ஏமாற்றுவான்.

நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவன் அறையில் குசுகுசுவென்று பேச்சு. வசனம் பாடம் பண்ணுகிறான் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, பேசுவது நான். என் கட்டைக்குரல், நடுவே என் செருமல், எல்லாம் அச்சு அசல். பெத்தவளே சொல்றேன்னா யோசிச்சுப் பாருங்க மாப்பிள்ளை, சாயங்காலம் அவ யாரோட போறான்னு பாருங்க என்கிறேன். அந்த நாடகத்தில் மாமியார் வேஷமே கிடையாதடி. கதவைத் தள்ளினேன். போனை அணைத்துவிட்டுத் திரும்பினான், துளி பதறவில்லை, துணி மடிச்சாச்சா என்று என் குரலிலேயே என்னைக் கேட்டான். நாளெல்லாம் கடகடக்கிற என் வாய் திறக்கவில்லை, குரல்தான் அங்கே இருந்ததே. அப்புறம் எப்படியோ வெளியே போடா என்றேன், நாடகம் முடியட்டும்கா என்கிறான்.

உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். உனக்காகவே நம் பேச்சைக் கற்றுக்கொண்ட பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார், தன் குரல்ல யாராவது கூப்பிட்டு அதெல்லாம் பொய்னு சொல்வாங்க, நம்பாதீங்கன்னு அத்தை முன்னாடியே சொல்லிட்டாங்க என்று. போனை வைத்துவிட்டார். போன மாதம் நீ சொல்லி வருத்தப்பட்டாயே, அவர் உன்னோடு பேச்சைக் குறைத்ததும் உன் பையைத் துழாவுவதும் இதனால்தான். உனக்குப் போன் போட்டாலும் பேசுவது எந்த அம்மா என்று நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்?

குரல் வந்தாலும் என் கோழிக்கிறுக்கல் எழுத்து உன் மாமா கைக்கு வராது. இதை மாப்பிள்ளையிடம் கொடு, தனியாக இருக்கும்போது வேண்டாம், உன் தோழியையும் அவள் புருஷனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடு. அவர் படித்து முடித்து உன் முகத்தை நேராகப் பார்க்கிறவரை அந்த வீட்டில் படுக்காதே. நல்ல மனுஷன்தான், அந்தத் தளபதியும் நல்லவன்தான்.

இரண்டு பேரும் சண்டை போட்டுச் சமாதானமாகி, பல் விழுகிறவரை ஒன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, என் குரலில் போன் வந்தால் நம்பாதே, நானாகவே இருந்தாலும் சரி. சமையலறையில் வாயை மூடிக்கொண்டு இதை எழுதுகிறேன். கூடத்தில் நான் சிரிப்பது கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா, கைப்பட.