பூட்டாங்கயிற்றின் மேல் போட்ட பழி

பாய்,

இன்று மாட்டாஸ்பத்திரி அலமாரியைச் சுத்தம் செய்தேன். புது மயக்க மருந்து வந்திருக்கிறது. சின்னக் குப்பி, ஊசியில் உறிஞ்சி ஏற்றினால் வேலை முடிந்தது. பழைய குளோரல் புட்டிகளை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார் டாக்டர். ஒன்றின் கண்ணாடி மூடியைத் திருகியதும் அந்த வாடை அடித்தது, அளவுக்கு மீறிப் பழுத்த முலாம்பழத்தை அடைத்துவைத்துத் திறந்ததுபோல. முதல் தடவை இதை முகர்ந்தபோது, மாட்டு மருந்துக்கும் அத்தர் பூசுகிறீர்களா கம்பவுண்டரே என்று கேட்டீர்கள். கருவாட்டு வண்டி ஓட்டுகிறவர் வாடையைப் பற்றிப் பேசலாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் அது. பட்டினச்சேரியில் கருவாட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு காரைக்கால் கடைத்தெருவுக்கு வருவீர்கள். வலத்து மாடு செவலை. அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருக்கிறது, மூக்கில் ரத்தம் கசிகிறது என்று ஒருநாள் ஓட்டிவந்தீர்கள். டாக்டர் கொம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே புற்று, கொம்பை அடியோடு எடுத்தால் பிழைக்கும் என்றார். நீங்கள் வேறெதுவும் கேட்கவில்லை. வலிக்குமா என்று மட்டும் கேட்டீர்கள்.

டாக்டர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தூங்க வச்சுத்தான் அறுப்போம் பாய். ஊசி நான்தான் போடுவேன். அதுக்கு ஒன்னுமே தெரியாது." அந்த அவசரமும் பெருமையும் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அதுவரை டாக்டரே போட்டுக்கொண்டிருந்த ஊசியை என் கையில் கொடுத்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

முதல்நாள் மாட்டைப் பட்டினி போடச் சொல்லியிருந்தோம். மறுநாள் காலை வந்தபோது உங்கள் முகமும் வாடியிருந்தது. செவலை வெறும் வயிற்றோடு நிற்கும்போது உங்களுக்குச் சோறு இறங்கவில்லையாம். ஒரு டீயாவது குடியுங்கள் என்றேன். அது எழுந்து நிற்கட்டும், குடிக்கலாம் என்றீர்கள்.

கொட்டகைக்குப் பின்னால் வைக்கோலைப் பரப்பியிருந்தோம். கழுத்தில் ரத்தக்குழாயைப் பார்த்து ஊசியைச் செருகி, ரப்பர் குழாய் வழியாகக் குளோரல் கரைசலை இறக்கினேன். நீங்கள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் காதில் என்னவோ ஓதினீர்கள். பாதி மருந்து இறங்கியதும் செவலைக்குக் கால் தள்ளாடியது. அது சாய்ந்த வேகத்தில் ஊசி ரத்தக்குழாயை விட்டு நழுவியது. ஊசி முனையைச் சுற்றித் தோல் மெல்ல உப்பிக்கொண்டு வந்தது, எலுமிச்சம்பழம் அளவுக்கு.

குளோரல் ரத்தத்தில் கலந்தால் தூக்கம். வெளியே சதையில் இறங்கினால் சதை வெந்துபோகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் தோல் கறுத்துக் கழலும். உடனே சொல்லியிருந்தால் டாக்டர் அந்த இடத்தைச் சுற்றி உப்புநீர் ஏற்றி, மருந்தின் காரத்தைக் குறைத்திருப்பார். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனால் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற டாக்டர் ஊசியைத் திரும்ப வாங்கிக்கொள்வாரே என்ற பயம் ஒன்றுதான் எனக்கு அப்போது இருந்தது. உப்பலின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, ஊசியை வேறு இடத்தில் செருகி, மீதியை இறக்கினேன். செவலை அழகாகத் தூங்கியது. கொம்பை அறுத்தபோது காதைக்கூட அசைக்கவில்லை. நீங்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.

பத்து நாள் வண்டியில் பூட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் எட்டாம் நாள் பூட்டினீர்கள். அதுவும் வெறும் வண்டி. தெருமுனைவரை போய்த் திரும்பியிருக்கிறீர்கள், அதற்கு நடை எப்படி இருக்கிறது என்று பார்க்க. மறுநாள் காலை கழுத்தடியில் ஒரு சாண் அகலத்துக்குத் தோல் கறுத்துக் காய்ந்து, ஓரத்தில் விண்டுகொண்டு நின்றது. பட்டினச்சேரியிலிருந்து அதை நடத்தியே கூட்டிவந்தீர்கள்.

டாக்டர் அன்றைக்கு வெளியூர். நான் தனியாக இருந்தேன். காயத்தைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்களோ என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்: "பூட்டாங்கயிறு ஒரசிருச்சோ?"

நுகத்தடியிலிருந்து கழுத்துக்கு அடியில் சுற்றிவரும் அந்தக் கயிறு, என் ஊசி இறங்கிய இடத்தில்தான் படும். பொய்யைக்கூட நான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. நீங்களே கொண்டுவந்து கையில் கொடுத்தீர்கள்.

"பத்து நாள்னு சொன்னேனே பாய்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று பிறகு பல நாள் எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடியிருக்கிறேன். டாக்டர் திரும்பி வந்து கயிறா என்று கேட்டபோதும் ஆமாம் சார் என்றேன்.

கொம்பு இருந்த இடம் ஆறிவிட்டது. கழுத்துப் புண் ஆற நாலு மாதம் பிடித்தது. ஆறிய பிறகும் அந்தத் தழும்பில் கயிறு பட்டால் செவலை படுத்துவிடும். கறிக்குத் தள்ளிவிடச் சொன்னவர்களிடம், நான் செய்த தப்புக்கு அதைக் கொல்வதா என்று சண்டைக்குப் போனீர்கள். இடத்து மாட்டைச் சுரக்குடியில் ஒரு விவசாயிக்குக் கொடுத்துவிட்டுக் கைவண்டி இழுக்க ஆரம்பித்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் அந்த வண்டிச் சத்தம் கேட்டால் நான் உள்ளறைக்குள் போய்விடுவேன். நீங்கள் விட்டால்தானே. மற்ற வண்டிக்காரர்களை நீங்களே கூட்டிவருவீர்கள். கம்பவுண்டர் பத்து நாள் என்றால் பத்து நாள்தான், மீறினால் என் கதிதான் என்று அவர்களுக்குப் பாடம் வேறு நடத்துவீர்கள். இந்த வட்டாரத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பெயரில் முக்கால்வாசி உங்கள் வாயால் வந்தது.

மஞ்சள் காமாலையில் விழுந்து நீங்கள் எல்லோரையும் கூப்பிட்டனுப்பியபோது எனக்கும் ஆள் வந்தது. கண் இரண்டும் மஞ்சளாக, பாயில் படுத்திருந்தீர்கள். வந்தவர்களிடமெல்லாம் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கதவோரம் உங்கள் மனைவி நின்றிருந்தார். என் முறை வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"நீங்க அவ்வளவு பக்குவமாச் செஞ்ச வேலைய நான் அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன். மனசுல எதுவும் வச்சிருந்தீங்கன்னா பொறுத்துக்கங்க."

சொல்லியிருக்கலாம். அறையில் நாலு பேர்தான் இருந்தார்கள். சாகப்போகிற மனிதரிடம் போய் இதைச் சொல்வதா என்று நான் நினைத்ததாக இப்போது எழுதினால் அது அடுத்த பொய். உங்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

"பொறுத்துக்கிட்டேன் பாய்," என்றேன்.

உங்கள் பிடி தளர்ந்தது. சிரித்தீர்கள்.

இப்போதெல்லாம் டாக்டர் ஊசியை நீட்டினால் நீங்களே போடுங்கள் சார் என்று ஒதுங்கிக்கொள்கிறேன். வயதாகிறது என்று நினைத்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்குப் போய்ச் செவலைக்குக் கழுத்தில் எண்ணெய் தடவிவிட்டு வருகிறேன். இவ்வளவையும் உங்கள் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் கிளம்புகிறேன். போன வாரம் வாசல்வரை வந்து நின்று, அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"நீங்க பொறுத்துக்கிட்டேன்னு சொன்ன பொறவுதான் அவங்க நிம்மதியாக் கண்ண மூடுனாங்க."

நான் தலையை ஆட்டினேன், பாய்.