தாடைக்கடியில் மூன்று ஊசி

மார்ச் 11
காலையில் மட்டும் பதினான்கு பேர். சாப்பிட உட்காரவே இல்லை. மதியம் என் தங்கை மெய்ஃபென் அவள் கணவன் போவெனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கவாதம். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, இனி சீன வைத்தியம், அக்குபங்சர் ஊசியும் கஷாயமும் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலது கை, வலது கால், பேச்சு — மூன்றும் போய்விட்டது. லோயாங் நகரம் முழுக்க பஸ் ஓட்டிய மனுஷன்.
"வேற யார்கிட்டயும் போகமாட்டேன்க்கா. உன் கைதான் இவரை எழுப்பணும்."
போவென் என்னையே பார்த்தான். நான் அவன் காலைப் பார்த்தேன்.

மார்ச் 12
எழுதிவிடுகிறேன். விழுந்த அன்று காலை அவன் இங்கேதான் வந்தான். தனியாக. "விரலெல்லாம் மரத்துப்போச்சுக்கா. நாக்குகூட கொஞ்ச நேரம் குழறுச்சு. இப்ப சரியாயிடுச்சு." வெளியே ஒரே கூட்டம். "ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சா அப்படித்தான் இருக்கும், பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தேன். கழுத்தில் நாலு ஊசி போட்டு அனுப்பினேன். ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. சாயங்காலம் டிப்போவில் சரிந்துவிட்டான்.
இருபத்திரண்டு வருஷமாக டாக்டர். அது பக்கவாதத்தின் முன்னறிகுறி என்று எனக்கா தெரியாது?
மெய்ஃபெனுக்கு இது தெரியாது. தெரிந்தது இரண்டே பேருக்கு. அதில் ஒருவனுக்குப் பேச்சில்லை.

மார்ச் 19
கால் கட்டைவிரல் அசைந்தது. ஊசியாலா, நாளானதாலா — எனக்கே சொல்லத் தெரியவில்லை. மெய்ஃபென் அழுதுகொண்டே சிரித்தாள். "கஷாயத்துல மண்புழு இருக்குன்னு இவருக்குத் தெரியாதுக்கா. வாய் வரட்டும், முதல் திட்டு எனக்குத்தான்."
வாய் வரட்டும்.

மார்ச் 23
பேச்சுக்குத் தாடைக்கடியில் மூன்று ஊசி. எந்த நோயாளிக்கும் முதல் நாளே போடுவேன். போவெனுக்குப் பன்னிரண்டு நாளாகப் போடவில்லை. பேச்சுக்கு ஊசி எப்போது என்று இன்று மெய்ஃபென் கேட்டே விட்டாள். "முதல்ல நடக்கட்டும், பேச்சு அப்புறம்" என்றேன். "சரிக்கா" என்றாள்.
சரிக்காவாம்! நானா இது?

மார்ச் 24
போட்டேன். மூன்றும். அவன் கண்ணை மூடவில்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். என்ன சொல்ல வந்தானோ.

மார்ச் 25
சொல்லிவிட்டேன். மருந்துப் பொட்டலத்துக்காக நின்றிருந்தவளை ஓரமாகக் கூப்பிட்டு — அவன் அன்று காலை வந்தது, நான் சிரித்தது, போடாத ஊசி, எல்லாம்.
"பன்னெண்டு நாளா?"
தலையாட்டினேன்.
"அன்னிக்குக் கவனிக்காம விட்டே. சரி. இதைத் தெரிஞ்சே செஞ்சிருக்கே."
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பொட்டலம் அங்கேயே கிடந்தது.

மார்ச் 26
வரவில்லை.

மார்ச் 30
வந்தார்கள். என்னிடம் அல்ல, எதிர் அறை டாக்டர் ஹுவோவிடம். அவர் நோயாளிக் குறிப்பைக் கேட்டார். அந்தக் காலையையும் பன்னிரண்டு நாளையும் அதில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது மேலிடத்துக்குப் போகணுமே" என்றார். போகட்டும் என்றேன்.

ஏப்ரல் 21
கிழவர் ஒருவருக்கு முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் மெய்ஃபென். உள்ளே வரவில்லை.
"இப்ப பேசினார். 'ஜன்னல்'னு. ஜன்னலைச் சாத்தச் சொல்றார்."
அக்கா என்று கூப்பிடவில்லை. என் பதிலுக்கு நிற்கவும் இல்லை.
"யாரு டாக்டர் அது?" என்றார் கிழவர்.
"என் தங்கச்சி" என்றேன்.